இளையோர் புதினங்கள்: எழுத விழைவோன் ஒருவனின் வாசிப்பு

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பாடுகின்றது. காப்புப் பருவத்தில் தொடங்கி, ஆண்பாலாயின் சிறுதேரோடும் பெண்பாலாயின் ஊசலோடும் அது நிறைவுறுகின்றது. உலாவோ பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரைக் காட்டுகின்றது. அவர்களுள் 12, 13 வயதுடைய மங்கையும், 14 முதல் 19 வரையுள்ள மடந்தையும் உண்டு. ஆயினும் அவர்கள் உலாவரும் தலைவனைக் கண்டு மையல் கொள்வதற்காகவே அங்கு நிறுத்தப்பட்டவர்கள். தம் வீடு, தம் தெரு, தம் அச்சம், தம் சினம் ஆகியவற்றைத் தாமே எடுத்துரைக்க அவர்களுக்கு அங்கு இடமில்லை. சிறுதேர் உருட்டி முடித்த ஆண்மகனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவன் பல ஆண்டுகள் எங்கோ மறைந்துபோய், பின்னர் வேலும் தாருமாய்த் தலைவனாகவே திரும்பி வருகிறான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவன் எங்கிருந்தான் என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. (இதனைச் சற்று விளையாட்டாகவே குறிப்பிடுகிறேன்; பாட்டியல் வல்லார் பொறுத்தருள்க.)

இவ்விடைவெளியையே தன் களமாகக் கொண்ட புனைகதை வகையொன்று ஆங்கிலத்தில் உண்டு. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் படிப்பதற்காக, அவ்வயதினரையே தலைமை மாந்தராக்கி எழுதப்படும் இப்புதினங்களை இளையோர் புதினங்கள் என்று ஈண்டுக் குறிப்போம். 1942-இல் மோரீன் டேலி எழுதிய 'செவன்டீன்த் சம்மர்' போன்ற முன்னோடிகள் இருந்தபோதிலும், 1960-களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் அமெரிக்காவில் வெளிவந்த நூல்களே இவ்வகைக்கு இன்றுள்ள முகத்தைத் தந்தன எனலாம்.

இவற்றைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி யாது என்று கேட்பின், ஆய்வுத் தகுதி ஏதுமில்லை. நான் தமிழ் கற்பிப்பவன். ஆங்கில நூல்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவன். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு புதினம் எழுத முயன்று தோற்றுவருபவன் என்ற ஒரு தகுதி உண்டு. என் கையெழுத்துப் படியைப் படித்த ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர், ஒன்றும் சொல்லாமல் மூன்று நூல்களை என் மேசைமீது வைத்துச் சென்றார். அம்மூன்றையும் படித்த அனுபவமே இக்கட்டுரை.

என் புதினத்தின் பொருள் மிகச் சிறிது. நான் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது, வகுப்பில் திரட்டி வைத்திருந்த தேர்வுக் கட்டணப் பணம் காணாமற்போயிற்று. எங்களுள் மிக எளிய வீட்டுப் பையன் ஒருவன்மீது ஐயம் விழுந்தது. ஒரு பகல் முழுவதும் அவன் பெஞ்சின்மேல் நிறுத்தப்பட்டான். தான் எடுக்கவில்லை என்று இருமுறை சொன்னான். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். அடுத்த வாரம் அவனை வெளியூர்ப் பலசரக்குக் கடையொன்றில் வேலைக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். பணத்தை எடுத்தவன் யார் என்பது வகுப்பில் இருவருக்குத் தெரியும். அவ்விருவருள் ஒருவன் நான்.

இதனை மும்முறை எழுதினேன். முதற்படியில், கதைசொல்லி எழுந்து நின்று உண்மையை உரைத்துவிடுகிறான், அது பொய். இரண்டாம் படியில், பல ஆண்டுகள் கழித்து அவன் நண்பனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கிறான். அம்மன்னிப்பு பத்துப் பக்கம் நீள்கிறது. மூன்றாம் படியில், ஆசிரியரே மனம் வருந்தி மாணவர்களுக்கு அறவுரை ஆற்றுகிறார். இதனைப் படித்த ஒருவர், "பதினான்கு வயதுப் பையன் பேசுவதுபோல் இல்லையே, ஆண்டு விழாத் தலைமையுரை போலல்லவா இருக்கிறது!" என்றார். வருந்தினேன். ஆனால் மறுத்துரைக்க இயலவில்லை.

மாணவி எழுதிய நூல்

முதலில் படித்தது எஸ்.இ. ஹிண்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்'. இது 1967-இல் வெளிவந்தது. ஹிண்டன் ஒரு பெண். சூசன் எலோயிஸ் என்பது அவர்தம் பெயர். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவியாக இருந்தபோது, பதினைந்து வயதில் இதனை எழுதத் தொடங்கினார். நூல் அச்சாகி வந்தபோது வயது 18. சிறுவர்களின் கைகலப்பைப் பற்றிய நூலை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று மதிப்புரையாளர்கள் ஒதுக்கிவிடக் கூடாதே என்றுதான் தலைப்பெழுத்துகளோடு பெயர் அச்சிடப்பட்டது. இந்நூலை எழுதிய ஆண்டில் படைப்பிலக்கியப் பாடத்தில் தமக்கு 'டி' தரமே கிடைத்தது என்று அவர் கூறியிருக்கிறார். மதிப்பெண் இடும் எம்போன்றோர் இச்செய்தியை அடிக்கடி நினைவுகூர்தல் நலம்.

ஊரின் ஏழைப் பையன்களுக்கும் செல்வர் வீட்டுப் பையன்களுக்கும் இடையிலான பகையே கதை. சொல்பவன் போனிபாய் என்னும் பதினான்கு வயதினன். பெற்றோர் விபத்தில் இறந்துவிட, இருபது வயது அண்ணன் டாரி குடும்பத்தைத் தாங்குகிறான். ஒரு நள்ளிரவில் பூங்காவில் செல்வர் வீட்டுப் பையன்கள் போனிபாயை நீரில் அமிழ்த்த, அவனைக் காக்கும் பொருட்டு நண்பன் ஜானி அவர்களுள் ஒருவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் தப்பியோடிப் பாழடைந்த தேவாலயமொன்றில் ஒளிகின்றனர். அது தீப்பற்றியபோது உள்ளே சிக்கிய குழந்தைகளைக் காக்கப் புகுந்த ஜானி, காயமுற்றுப் பின்னர் இறக்கிறான்.

நிகழ்ச்சிகளைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது நூலின் கட்டமைப்பாகும். துயரத்தால் படிப்பில் பின்தங்கிவிட்ட போனிபாயிடம், கட்டுரையொன்றை நன்றாக எழுதித் தந்தால் தேர்ச்சி அளிப்பதாக ஆங்கில ஆசிரியர் சொல்கிறார். அவன் எழுத அமர்கிறான். அவன் எழுதும் முதல் வாக்கியம் நாம் முதற்பக்கத்தில் படித்த அதே வாக்கியம். அஃதாவது, நாம் படித்த புதினம் முழுவதும் ஒரு மாணவன் ஆசிரியருக்கு எழுதிய வீட்டுப்பாடம்! இவ்வுத்தியினால் மொழிச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. அவன் அறியாததை நூல் அறியாது. அண்ணன் டாரி தன்னை வெறுக்கிறான் என்று போனிபாய் நெடுநேரம் நம்புகிறான். நாமோ அதற்கு முன்பே அந்த அண்ணனின் அன்பைக் கண்டுகொள்கிறோம். சொல்பவன் காட்டும் செயல்களிலேயே சொல்பவனுக்குத் தெரியாத உண்மை கிடக்கிறது. இதனை நான் வகுப்பில் 'நோக்குநிலை' என்ற தலைப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். நடத்துவது வேறு, செய்வது வேறு.

குறையும் உண்டு. உணர்ச்சி மிகும் இடங்களில் போனிபாய் அளவுக்கு மீறி அழுகிறான். இறப்புகள் அடுத்தடுத்து வந்து குவிகின்றன. பதினாறு வயதினர் எழுதினால் அவ்வாறுதான் இருக்கும். அதுவே நூலுக்கு மெய்ம்மையும் தருகிறது என்று பின்னர்த் தோன்றிற்று. கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பகுதிப் பள்ளியொன்றின் மாணவர்கள் கையொப்பமிட்டு வேண்டியதன் பேரில், இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா இதனை 1983-இல் திரைப்படமாக்கினார்.

என் படியை எடுத்துப் பார்த்தேன். கடலோர ஊரின் முஸ்லிம் தெருவில் வளர்ந்த என் கதைசொல்லி, 'வாப்பா' என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் 'எந்தையார்' என்கிறான். பதினேழு இடங்களில் அடித்துத் திருத்தினேன்.

இருபதாயிரம் பெட்டிகள்

அடுத்தது ராபர்ட் கார்மியர் 1974-இல் வெளியிட்ட 'தி சாக்லேட் வார்'. கார்மியர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டர் ஊரினர். பல்லாண்டு செய்தித்தாளில் பணியாற்றியவர். அவருடைய மகன், பள்ளிக்கு நிதி திரட்டச் சாக்லேட் விற்க விருப்பமில்லை என்று மறுத்தான். பள்ளியும் ஏற்றுக்கொண்டது, ஒன்றும் நிகழவில்லை. 'ஒருவேளை ஏதேனும் நிகழ்ந்திருந்தால்?' என்று தந்தை எண்ணியதில் பிறந்ததே புதினம்.

டிரினிட்டி என்னும் ஆண்கள் பள்ளி. பொறுப்பில் உள்ள பிரதர் லியோன் இருபதாயிரம் பெட்டி சாக்லேட் வாங்கி, மாணவர் தலையில் சுமத்துகிறார். பள்ளியில் மறைவாக இயங்கும் மாணவர் கூட்டமொன்று, பத்து நாட்கள் விற்க மறுக்குமாறு ஜெரி ரெனோ என்னும் புது மாணவனுக்குக் கட்டளையிடுகிறது. அண்மையில் தாயை இழந்தவன் அவன். பத்து நாட்கள் கழிகின்றன. பதினோராம் நாளும் ஜெரி மறுக்கிறான். இம்முறை தன் விருப்பத்தால். அதன்பின் ஆசிரியரும் அம்மறைவுக் கூட்டமும் ஒரே பக்கம் சேர்ந்துவிட, ஏனைய மாணவரும் அவனுக்கு எதிராகத் திருப்பப்படுகின்றனர். இறுதியில், பள்ளியே சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் ஒரு குத்துச்சண்டையில் ஜெரி நசுக்கப்படுகிறான். எதிர்த்ததே பயனற்றது என்னும் எண்ணத்தோடு அவன் கிடக்க, தீயோர் தண்டனையின்றிச் செல்கின்றனர். இம்முடிவை மாற்றித் தரும்படி பதிப்பகங்கள் கேட்டன, கார்மியர் இசையவில்லை. பலர் மறுத்த பின்னரே நூல் வெளிவந்தது. பள்ளி நூலகங்களிலிருந்து நீக்க வேண்டுமென்று அமெரிக்காவில் மிகுதியான முறையீடுகளுக்கு உள்ளான நூல்களுள் இதுவும் ஒன்று.

இந்நூலின் தொடக்கப் பகுதியில் வரும் ஒரு வகுப்பறைக் காட்சியை நான் ஒரே மூச்சில் படித்து முடிக்கவில்லை. நடுவே எழுந்து வெளியே சென்றுவிட்டேன். பிரதர் லியோன், நன்றாகப் படிக்கும் பெய்லி என்ற மாணவனை முன்னே அழைக்கிறார். தேர்வில் முழு மதிப்பெண் பெறுகிறாயே, பார்த்து எழுதினாயா என்கிறார். பையன் மறுக்கிறான். அவர் விடவில்லை, வகுப்பைத் துணைக்கழைக்கிறார், வகுப்பும் சிரிக்கத் தொடங்குகிறது. பின்பக்கமிருந்து ஒரேயொரு குரல் மட்டும் அவனை விட்டுவிடுமாறு எழுகிறது. அப்போது லியோன் திடீரென்று திரும்பி, நீங்கள் அனைவரும் இந்த அநீதிக்கு உடந்தையானீர்கள், சற்றுநேரம் இவ்வகுப்பை நாஜி ஜெர்மனி ஆக்கிவிட்டீர்கள், உண்மையை விடாமல் நின்றவன் இவன் ஒருவனே என்று வகுப்பைச் சாடுகிறார்.

முதல் வாசிப்பில் எனக்குத் தோன்றியது என் பழைய வகுப்பறை மட்டுமே. பெஞ்சும், அதன்மேல் நின்றவனின் கால்களும், வாளாவிருந்த நாற்பது பேரும். ஆனால் இரண்டாம் வாசிப்பில் ஓர் எழுத்தாளனாக வேறொன்று புலனாயிற்று. லியோன் சொல்வது உண்மையே. கண்டும் வாய்மூடியிருப்பது குற்றம் என்பதே இப்புதினத்தின் உள்ளுறையும்கூட. அவ்வுண்மையைக் கார்மியர் யார் வாயில் வைத்திருக்கிறார்? நூலிலேயே கொடிய ஆசிரியரின் வாயில்! ஒரு பையனை வதைப்பதற்கும், வதைத்தபின் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்வதற்கும் அவருக்கு அறவுரை ஒரு கருவியாகின்றது. அந்தப் பக்கத்திற்குப் பிறகு அப்புதினத்தில் எவர் அறம் பேசினாலும் நாம் ஐயத்தோடுதான் கேட்போம். ஆகவே ஆசிரியரும் பேசாது ஒதுங்கிக்கொள்கிறார்; நிகழ்ச்சிகளே பேசுகின்றன. என் மூன்றாம் படியில் மனம் வருந்திய ஆசிரியர் ஆற்றிய அறவுரையை மீண்டும் படித்தேன். அதில் சொல் தவறு ஏதுமில்லை. பெஞ்சில் ஏற்றியவரே கண்ணீர் மல்கப் பேசுகிறார். பெஞ்சில் நின்றவன் கேட்பதற்கு அங்கில்லை. அந்த இயலை நீக்கிவிட்டேன்.

இத்தகைய இருண்ட நூலை இளையோர் கையில் கொடுக்கலாமா என்பது பெரியோர் கேட்கும் கேள்வி. நானும் ஒரு தந்தை. எளிதாக விடை சொல்ல மாட்டேன். ஒழுக்கக் காரணங்களுக்காக இதனை மறுப்போரின் அச்சம் முழுவதும் பொருளற்றதன்று. பதின்ம வயதினரின் கொச்சைப் பேச்சும் எண்ணங்களும் இதில் மறைக்கப்படவில்லை. என் மகனுக்கு இதனைப் பதின்மூன்று வயதில் கொடுக்க மாட்டேன்; பதினாறில் கொடுப்பேன். ஆனால் முடிவு இருண்டது என்பதற்காக மறுப்பதை ஒப்பவியலாது. பெஞ்சில் நிற்கவைக்கப்பட்ட பதினான்கு வயதினன் ஒருவனுக்கு, உலகில் வாய்மையே எப்போதும் வென்றுவிடும் என்று முடியும் கதை என்ன ஆறுதலைத் தரும்? தான்மட்டும் விதிவிலக்கோ என்றல்லவா அவன் எண்ணுவான்? கார்மியர் தம் அடுத்த புதினமான 'ஐ ஆம் தி சீஸ்' (1977) நூலில் ஒரு பாத்திரத்தின் தொலைபேசி எண்ணாகத் தம் வீட்டு எண்ணையே தந்திருந்தார். இளம் வாசகர்கள் அவரை அழைத்தார்கள், அவரும் பேசினார். 2000-இல் அவர் மறைந்தார்.

ஒட்டப்பட்ட தாள்

மில்ட்ரெட் டி. டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' 1976-இல் வெளியாகி, அடுத்த ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. 1933-இல் மிசிசிப்பி மாநிலத்தில், தமக்கெனச் சொந்த நிலம் உடைய ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. டெய்லரின் தந்தையார் சொல்லிவந்த குடும்பக் கதைகளே இதற்கு ஊற்று. ஒன்பது வயதுக் கேசி கதையைச் சொல்கிறாள். சிறார் நூல் என்றும் இதனைக் கூறுவர். எனினும் பன்னிரண்டு வயதான அவள் அண்ணன் ஸ்டேசியின் தடுமாற்றமே கதையை நடத்துவதால் இங்குச் சேர்த்துக்கொள்கிறேன்.

பள்ளி திறந்த நாளில் பிள்ளைகளுக்குப் பாடநூல் வழங்கப்படுகிறது. கேசியின் ஆறு வயதுத் தம்பி தூய்மையை மிகவும் விரும்புபவன். அழுக்கான கிழிந்த நூலை வெறுப்போடு பார்க்கிறான். பிறகு உள்ளட்டையில் உள்ள பட்டியலைப் படித்ததும் நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். அப்பட்டியலில் அந்நூல் எந்த ஆண்டில், எந்த நிலையில், எவ்வினத்து மாணவருக்கு வழங்கப்பட்டது என்னும் குறிப்புகள் உள்ளன. வெள்ளையர் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி, மிக மோசமான நிலையை எய்திய பின்னரே அது இழிசொல்லால் குறிக்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் இருவருக்கும் பிரம்படி கிடைக்கிறது. அதே பள்ளியில் ஆசிரியையாக உள்ள தாய், செய்தி கேட்டுச் சொற்பொழிவு ஏதும் ஆற்றவில்லை. தாளை அளவாக வெட்டி, பசை தடவி, அந்தப் பட்டியல்மீது ஒட்டுகிறாள். அவ்வளவே. பின்னொரு நாள், பாடநூலில் இல்லாத அடிமைமுறை வரலாற்றை வகுப்பில் கற்பித்தபோது, ஒட்டிய தாளும் சேர்ந்து அவள் வேலையைப் பறித்துவிடுகிறது.

ஆசிரியராய் இருக்கும் பெரியவர் ஒருவரை இளையோர் புதினத்தில் எவ்வாறு படைப்பது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் நான் கண்டதில்லை. ஸ்டேசியின் பகுதியும் இங்குக் கருதத்தக்கது. நண்பன் டி.ஜே. பார்த்தெழுதக் கொண்டுவந்த தாள் ஸ்டேசியின் கையில் அகப்படுகிறது. வகுப்பாசிரியை அவன் தாயேதான், அவளே தண்டிக்கிறாள். அவன் நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. இங்கே வாய்மூடியிருத்தல் பெருந்தன்மை; என் வகுப்பறையில் அதே வாய்மூடியிருத்தல் கோழைமை. செயல் ஒன்றே, யாருடைய தோலைக் காக்க என்பதில்தான் வேறுபாடு. இதனைக் கேசி விளக்குவதில்லை. நூலின் இறுதியில் பருத்திக்காட்டில் எழுந்த தீயைப் பற்றியும் எவரும் அவளுக்கு விளக்குவதில்லை. கும்பல் ஒன்று டி.ஜே.யைக் கொல்லாதிருக்கத் தந்தையே தன் விளைச்சலுக்குத் தீவைத்தான் என்பதை அவளாகவே உணர்ந்து, உணர்ந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள்.

நம் பக்கம்

தமிழில் இத்தகைய நூல்கள் இல்லையா என்று மாணவர்கள் கேட்பர். மாந்தர் உண்டு, வகை இல்லை என்பதே என் கருத்து. பூமணியின் 'வெக்கை' (1982) ஒரு கொலையோடு தொடங்குகிறது. செய்தவன் பதினைந்து வயதுச் சிதம்பரம். ஹிண்டனின் சிறுவர்களைப் போலவே அவனும் ஓடி ஒளிகிறான். ஆனால் அவனோடு தந்தையும் உடன் செல்கிறார். காடும் கிணறும் உறவுகளும் இடம் தருகின்றன. சிதம்பரத்தின் கண்ணை விட்டுக் கதை அகலுவதில்லை. 2019-இல் இது 'அசுரன்' என்ற திரைப்படமானபோது, கதையின் நடுவிடம் மகனிடமிருந்து தந்தைக்கு நகர்ந்துவிட்டது. படம் நன்று, எனினும் பெரியவர்களாகிய நாம் எவ்வளவு எளிதாகச் சிறுவனின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறோம் என்பதற்கு அது சான்று. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) ஆடு மேய்க்கும் சிறாரின் உலகைக் காட்டுகிறது. இவை பெரியோருக்கான புதினங்களாக வெளியிடப்பட்டவை. பள்ளி மாணவன் கைக்கு இவற்றைக் கொடுப்போர் அரியர். வட்டார முஸ்லிம் பேச்சுமொழியைப் புதினத்தில் எவ்வாறு கையாளுவது என்பதற்குத் தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) என்னைப் போன்றோருக்கு என்றும் துணை.

நான்காம் படியைச் சென்ற ஆண்டு தொடங்கினேன். இதுவரை பதினொரு பக்கங்கள். கதைசொல்லிக்குப் பதினான்கு வயது. அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. நண்பன் பெஞ்சில் ஏறுகிறான். கதைசொல்லி தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறான். பணம் எடுத்தவன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். இவன் தலையைக் குனிந்துகொள்கிறான். மணி அடிக்கிறது. இயல் முடிகிறது.

இவ்வியலைப் பெயர் குறிப்பிடாமல் மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். ஒரு மாணவி ஓரத்தில், "இவன்மேல் எனக்கு மிகவும் கோபம் வருகிறது" என்று பென்சிலால் எழுதித் தந்திருந்தாள். கதைசொல்லி உள்ளுக்குள் எவ்வளவு வெதும்பினான் என்று ஒரு வரி சேர்க்கலாமா எனப் பேனாவை எடுத்தேன். சேர்க்கவில்லை. இரண்டாம் இயலில் மறுநாள் காலை. வருகைப் பதிவேடு வாசிக்கப்படுகிறது. நண்பனின் பெயருக்கு முந்தைய பெயர் வரை எழுதியிருக்கிறேன்.